முதலாளித்துவம் எங்கிருந்து வந்தது, அதற்கு எதிர்காலம் உண்டா?

வியாபாரம் எக்காலத்திலும் இருந்ததுதான், அது மட்டும் முதலாளித்துவம் ஆகாது. நிலமும் உழைப்பும் சந்தைக்கு வந்து, லாபத்தை மறுபடி முதலீடாகப் போட்டே ஆகவேண்டிய கட்டாயம் வரவேண்டும்; இங்கிலாந்தில் பொதுநிலங்களுக்கு வேலி போட்டுத் தனியார் சொத்தாக்கியதிலிருந்து அது வளர்ந்தது என்ற விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

யாங்கோன் (பழைய ரங்கூன்) தமிழர்களுக்கு இது தெரிந்த கதை. 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் வழி குறுகியது, அப்புறம் ஐராவதி டெல்டாவின் காடெல்லாம் நெல்வயல் ஆனது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள், தமிழ், தெலுங்குக் கூலிகள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்ததும் பர்மிய விவசாயிகளால் கடனை அடைக்க முடியவில்லை. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் வைத்திருந்த செட்டியார்களிடம் 1937க்குள் கால்வாசி நிலம் வந்து சேர்ந்தது. அவர்களுக்கு வேண்டியதோ பணம்தான், நிலம் இல்லை! ஆனால் பர்மியர்களின் கோபம் கூலிக்காரன் வரைக்கும் பாய்ந்தது.

எதிர்காலமா? 1962க்குப் பிறகு பர்மாவின் ராணுவ அரசு கடை, வங்கி எல்லாவற்றையும் தேசியமயமாக்கியது, நம்மவர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்கள், கள்ளச்சந்தைதான் கொழுத்தது. அதனால் உத்தரவு போட்டு முதலாளித்துவத்தை ஒழிக்கலாம் என்று நான் நம்பவில்லை. கடனுக்கும் கூலிக்கும் கடுமையான சட்டம் போட்டு, விலை சரியும்போது நஷ்டத்தைக் கடன் கொடுத்தவரும் பங்கிட வைக்கும் நாடுகளில்தான் இது தாக்குப்பிடிக்கும்.