4 டிபி எஸ்எஸ்டி 6,499 ரூபாய்: சல்லிசாக வாங்கினால் வழக்குப் போடக் கூடாதா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தொழில் செய்கிறேன். கூட ஒரு பையன் உதவிக்கு இருக்கிறான். தீபாவளி ஆஃபரில் ஒரு ஆன்லைன் தளத்தில் பிரபல பிராண்டு பெயர் போட்ட 4 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி (கையடக்கச் சேமிப்பு டிரைவ்) 6,499 ரூபாய்க்கு வந்ததைப் பார்த்து, ஸ்டூடியோவின் ஜிஎஸ்டி எண் போட்டே வாங்கினேன். கம்ப்யூட்டரில் செருகினால் 3.63 டிபி என்று காட்டியது. இரண்டு கல்யாணத்தின் ஃபுட்டேஜை அதில் ஏற்றிவிட்டு மெமரி கார்டுகளை ஃபார்மட் செய்துவிட்டேன். எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோது முதல் சில கிளிப் மட்டும் ஓடுகிறது, மற்றவை பெயரும் அளவும் காட்டுகின்றன, திறக்க மறுக்கின்றன. சர்வீஸ் சென்டரில் 'இந்த சீரியல் நம்பர் எங்களுடையதே இல்லை' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தளத்தில் கேட்டால், 7 நாள் ரிட்டர்ன் காலம் முடிந்தது, நாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்கிறார்கள். கல்யாண வீட்டார் இருவரும் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். 'இவ்வளவு கம்மி விலைக்கு வாங்கினது உன் தப்பு, கேஸ் நிக்காது' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சட்டத்துக்கு முன்னால் ஒரு அவசர வேலை. அந்த மெமரி கார்டுகளைக் கேமராவில் திரும்பப் போடாதீர்கள். சாதாரணமாக ஃபார்மட் செய்யும்போது பெரும்பாலும் கோப்புகளின் பட்டியல்தான் அழிகிறது, மேலே புதிதாக எதையும் எழுதாதவரை உள்ளே இருக்கும் வீடியோவில் கணிசமான பகுதியை மீட்க வாய்ப்பு உண்டு. போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே இதைச் செய்யும், அல்லது டேட்டா ரெக்கவரி செய்யும் கடையில் கொடுங்கள், பில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தப் பில் பின்னால் உங்கள் நஷ்டக் கணக்கில் சேரும். இரண்டாவது, அந்த டிரைவில் இப்போதைக்கு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். போலி டிரைவைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று மென்பொருள்கள் உண்டு, நல்லவைதான். ஆனால் அவை காலி இடம் முழுக்க எழுதித் திரும்பப் படித்துத்தான் சோதிக்கும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 64 ஜிபியோ 128 ஜிபியோ உள்ள சின்ன ஃபிளாஷ் சிப்தான், அதை இயக்கும் கன்ட்ரோலரில் கை வைத்து 4 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் அது புதுத் தகவலைக் கீழே போடும், இல்லையென்றால் பழையதன் மேலேயே எழுதும். அதனால்தான் பெயர் இருக்கிறது, படம் இல்லை. நீங்கள் சோதனை ஓட்டினால் இப்போது ஓடுகிற அந்த நாலு கிளிப்பும் போய்விடக்கூடும். முதலில் இருப்பதை நகல் எடுங்கள்.

3.63 என்று காட்டியதை வைத்து ஏமாந்தது உங்கள் குற்றமில்லை. உண்மையான 4 டிபி டிரைவும் விண்டோஸில் அப்படித்தான் காட்டும். போலி செய்பவர்களுக்கும் அது தெரியும்.

சரி, 'கம்மி விலைக்கு வாங்கினது உன் தப்பு' என்பதற்கு வருவோம். இதைச் சொல்லாத ஆள் இல்லை, எதிர்த்தரப்பு வக்கீலும் சொல்வார். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவு, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாக வைத்திருக்கிறது. 4 டிபி என்று எழுதி விற்றால் 4 டிபி இருக்க வேண்டும், விலை ஆறாயிரமோ அறுபதாயிரமோ. தள்ளுபடி கொடுத்தேன், அதனால் பொய் சொல்ல உரிமை உண்டு என்று எந்த வியாபாரியும் வாதாட முடியாது. அதிலும் பண்டிகை ஆஃபர் என்று அவர்களே விளம்பரம் செய்து, அடித்த விலைக்குப் பக்கத்தில் வெட்டிய விலையைக் காட்டிவிட்டு, நம்பியவனைப் பார்த்து 'ஏன் நம்பினாய்' என்று கேட்பது எனக்கு எப்போதுமே எரிச்சலூட்டும் வாதம். ஆனால் ஒன்று, விலை உங்கள் வழக்கைத் தோற்கடிக்காது என்றாலும் இழப்பீட்டுத் தொகையைக் குறைக்கக்கூடும். கீழே சொல்கிறேன்.

உங்கள் வழக்கில் உண்மையான சிக்கல் வேறு: ஸ்டூடியோ ஜிஎஸ்டி எண். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7) வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. பில்லில் ஜிஎஸ்டி எண்ணைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு முதல் பத்தியிலேயே இதைத்தான் எழுதும். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. இதை உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது 1995ல், நம் பக்கத்து ஊர் வழக்கு ஒன்றில்: லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் வாங்கிய இயந்திரம் பற்றியது. அதில் வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று தோற்றார் என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்தத் தீர்ப்பில் சொன்ன உதாரணங்கள். டைப்ரைட்டர் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவர், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர், லேத் மெஷின் வாங்கித் தானே இயக்குபவர், இவர்கள் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றது நீதிமன்றம். கேமராவும் நீங்கள், எடிட்டிங்கும் நீங்கள், உதவிக்கு ஒரு பையன் என்றால் உங்கள் இடம் இதுதான். ஆகவே மனுவிலேயே 'இதுவே என் ஒரே பிழைப்பு, நானே பயன்படுத்தினேன்' என்று தெளிவாக எழுதுங்கள். எழுதாமல் விட்டுவிட்டுப் பிறகு வாதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பில்லில் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால் (அதாவது அதை உங்கள் தொழில் வரியில் கழித்துக்கொண்டிருந்தால்) ஆடிட்டரிடம் இப்போதே பேசுங்கள், மறைக்க வேண்டாம். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் மற்ற நல்ல சாட்சியங்களும் கெட்டுப்போகும்.

அடுத்து, யார்மேல் வழக்கு? விற்பனையாளர், தளம் இரண்டு பேர்மேலும். தளத்தை விட்டுவிட்டால் நீங்கள் ஒரு பூட்டிய கதவைத் தேடி வடமாநிலம் போக வேண்டியிருக்கும். உங்கள் பில்லில் விற்பனையாளரின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. 33 என்றால் தமிழ்நாடு, 07 என்றால் டெல்லி. ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டால் பதிவுப் பெயரும், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். ரத்து செய்யப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுங்கள்.

'நாங்கள் இடைத்தரகர்' என்ற பதிலுக்குப் பயப்பட வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஆம் பிரிவு இடைத்தரகருக்குத் தரும் பாதுகாப்பு நிபந்தனைகளோடு வருவது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020ன்படி தளம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும், உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும், எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரி உள்ளிட்ட விவரங்களைக் கொடுக்க வேண்டும். அதே விதிகளில் 6ஆம் விதி, பொருள் பழுதானதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகிறது. 7 நாள் பாலிசி என்பது மனம் மாறித் திருப்பித் தருபவருக்கு வேண்டுமானால் பொருந்தும், போலிப் பொருளை எட்டாம் நாள் ஒரிஜினலாக மாற்றாது. சாட்டில் வந்த பதிலோடு நின்றுவிட்டீர்கள் போலத் தெரிகிறது, அது போதாது. குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் தளத்திலேயே இருக்கும், அதற்கு இன்றே எழுதுங்கள். 2022ல் தரச் சான்று இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காகப் பெரிய தளங்களுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்டிருக்கிறது, ஆக கேட்க ஆளில்லாத இடம் இல்லை இது.

இப்போது சாட்சியம். சர்வீஸ் சென்டர் வாய்மொழியாகச் சொன்னது சாட்சியத்தில் சேராது. பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு, சீரியல் நம்பர் தெரியும் புகைப்படத்தோடு மின்னஞ்சல் அனுப்பி 'இது உங்கள் தயாரிப்பா' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'இல்லை' என்று ஒரு வரி வந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. விற்பனைப் பக்கத்தை, '4 டிபி' என்ற வார்த்தை, விற்பனையாளர் பெயர், விலை எல்லாம் தெரியும்படி இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்தப் பக்கம் எந்த நேரமும் காணாமல் போகலாம். டிரைவைப் பிரிக்காதீர்கள். யூடியூபில் பார்த்த மாதிரி கத்தியால் நெம்பி, உள்ளே பசை போட்டு ஒட்டிய மெமரி கார்டைக் காட்டி வீடியோ போட ஆசையாகத்தான் இருக்கும், பிறகு 'அவரே உள்ளே மாற்றி வைத்துவிட்டார்' என்பார்கள். பழுதைச் சோதிக்க வேண்டியிருந்தால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38ல் அதிகாரம் இருக்கிறது, கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைத்துவிடுங்கள். ஆணையத்தில் சாட்சிய விதிகளை நீதிமன்ற அளவுக்குக் கறாராகப் பார்ப்பதில்லைதான், ஆனாலும் எதிர்த்தரப்புக்கு ஏன் ஒரு சாக்கு.

குறைதீர் அலுவலருக்கு எழுதி ஒரு மாதம் காத்திருக்கும் நேரத்திலேயே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், சில தளங்கள் அங்கிருந்து கூப்பிட்டதும் பணத்தைப் போட்டுவிடுகின்றன. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது) கேளுங்கள், அதற்குக் காலக்கெடு குறைவு, தள்ளிப்போடாதீர்கள். ஒன்றும் நடக்கவில்லையா, ஸ்பீட் போஸ்டில் இருவருக்கும் நோட்டீஸ், அப்புறம் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. தளத்தின் நிபந்தனைகளில் 'வழக்கு என்றால் பெங்களூரில் மட்டும்' என்ற மாதிரி எழுதியிருந்தாலும் பிரிவு 34 நீங்கள் குடியிருக்கும் ஊரில், தொழில் செய்யும் ஊரில் வழக்குத் தொடுக்க உரிமை தருகிறது. செலுத்திய விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை (இதை ஒரு வக்கீலே சொல்கிறேன்). எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், கேட்டால் மேலும் 15, அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். தீர்ப்பு மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை இருந்தால் ஐந்து மாதத்தில் என்பது சட்டத்தின் ஆசை. நடைமுறையில் அதைவிட இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

போலீஸ்? 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணிலும் சைபர் கிரைம் இணையதளத்திலும் ஒரு புகார் போடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 318(4) மோசடி, வர்த்தகக் குறிச் சட்டம் 103, 104ஆம் பிரிவுகள் இரண்டும் பொருந்தும். 6,499 ரூபாய்க்கு உடனே தனிப்படை கிளம்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வைத்துக்கொள்வது நுகர்வோர் வழக்குக்கே உதவும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில் பொய் நம்பிக்கை தர மாட்டேன். 6,499ம் அதற்கு வட்டியும், மன உளைச்சலுக்கு ஒரு தொகையும், வழக்குச் செலவும் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு கல்யாணத்தின் நஷ்டம் முழுவதையும் கேட்டால் கேள்விகள் வரும்: தொழில் செய்பவர் ஒரே ஒரு நகலை வைத்துக்கொண்டு கார்டை ஏன் அழித்தீர்கள், ஒரிஜினல் 4 டிபியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராத விலையைப் பார்த்தும் ஏன் முதலில் சோதிக்கவில்லை? விலை பற்றிய வாதம் வேலை செய்யும் இடம் இதுதான். இன்னொரு பொறியும் இருக்கிறது. சிலர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 'தயாரிப்புப் பொறுப்பு' என்ற அத்தியாயத்தில் இழப்பீடு கேட்டு எழுதித் தருவார்கள், அதில் 'தீங்கு' என்பதன் வரையறையே பொருளாதார, வணிக நஷ்டத்தை விலக்கி வைத்திருக்கிறது. அதற்குப் பதில் அதே சட்டத்தின் பிரிவு 39ன் கீழ், எதிர்த்தரப்பின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு என்று கேளுங்கள். கேட்பதையும் ரசீதோடு நிரூபிக்கக்கூடியதாக, ரெக்கவரி செலவு, வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்த தொகை என்று பிரித்து எழுதுங்கள். 'ஐந்து லட்சம் நஷ்டம்' என்று மொத்தமாக ஒரு வரி எழுதினால் அதில் ஐந்தாயிரம்கூட நிற்காது.

கல்யாண வீட்டார் விஷயத்தில் நீங்கள் நாற்காலியின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவர்களுக்கு நீங்கள் சேவை தருபவர், அதே ஈரோடு ஆணையத்தில் அதே சட்டத்தில் உங்கள்மேல் சேவைக் குறைபாடு என்று அவர்கள் வழக்குப் போடலாம். 'டிரைவ் போலி, நான் என்ன செய்வேன்' என்பது அவர்களிடம் செல்லாது, அது உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான வழக்கு. ஆகவே போனை எடுக்காமல் இருக்காதீர்கள். ரெக்கவரி முடியட்டும், எவ்வளவு மீண்டதோ அதைக் காட்டி, மீதிக்கு ஒரு தொகை பேசி, கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுத்து, 'இதோடு முழுத் தீர்வு' என்று இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். அந்தக் கடிதமும் வங்கிக் கணக்கும்தான் மேலே சொன்ன இழப்பீட்டுக் கோரிக்கைக்கு ஆதாரம்.

தொழிலுக்கு இன்னொரு டிரைவ் வாங்கித்தான் ஆக வேண்டும். விலை குறைவாகத் தேடுங்கள், அதில் தப்பில்லை. முதலில் பிராண்டின் சொந்த இணையதளத்தில் அந்த மாடல் அதிகபட்சம் எத்தனை டிபியில் வருகிறது என்று பாருங்கள், அங்கே இல்லாத 16 டிபி இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். தளத்தின் பெயரை விட்டுவிட்டு விற்பனையாளர் பெயரைப் படியுங்கள், அந்தப் பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்று தேடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது லேபிளிலிருந்து சீரியல் நம்பர் வரை வெட்டாத ஒரே வீடியோ. அன்றைக்கே எச்2டெஸ்ட்டபிள்யூவை ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள், 4 டிபி முழுக்க எழுதிப் படிக்க மணிக்கணக்கில் ஆகும், ஆனால் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் முடிந்துவிடும்.