ரெம்பிராண்ட் எந்தப் பக்கம் பார்க்கிறார்?

கேள்வி: பழைய சாமான்களோடு சட்டம் போட்ட ஒரு படம் வந்தது. தொப்பி போட்ட டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் கல் சுவர் மேல் கையை ஊன்றி நிற்கிறார். மூலையில் அவர் பெயரும் 1639-ம் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் அவர் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறார். என்னுடையது அசல்தானா?

பதில்: முதலில், புத்தகத்தில் பார்த்தது எது? லண்டன் நேஷனல் கேலரியில் இதே பாணியில் அவர் 1640-ல் வரைந்த எண்ணெய் ஓவியம் இருக்கிறது, அதிலும் அவருடைய 1639 எட்சிங்கிலும் (செப்புத் தகட்டில் கீறி எடுத்த அச்சுப் படம்) ஆள் எதிரெதிர்ப் பக்கம் திரும்பியிருப்பார், பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். எட்சிங்கோடுதான் ஒப்பிட்டீர்கள் என்றால், சந்தேகமே வேண்டாம், உங்களுடையது நகல்.

எட்சிங்கில் மெழுகு பூசிய செப்புத் தகட்டை ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவி, ஈரத்தாளில் அழுத்தி எடுப்பார்கள். தகட்டில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும். அதனால் அவருடைய அச்சைப் பார்த்து இன்னொருவர் அப்படியே தகட்டில் கீறினால், அச்சில் ஆள் திரும்பிவிடுவார். பெயரும் திரும்பியிருக்க வேண்டும். உங்கள் படத்தில் அது நேராக இருக்கிறதா? அப்படியானால் நகலெடுத்தவர், முகம் எந்தப் பக்கம் என்று கவலைப்படாமல், கையெழுத்தை மட்டும் மெனக்கெட்டுத் திருப்பிக் கீறியிருக்கிறார்! இதை உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது. பெரிய ஓவியர்களின் அச்சுகளை நகலெடுப்பது அந்தக் காலத்தில் பயிற்சி, பிழைப்பும்கூட.

கேள்வி: அப்போ திசை சரியாக இருந்தால் அசலா?

பதில்: அவ்வளவு சுலபமில்லை. பாரிஸில் அமான் துராந்த் என்பவர் 19-ம் நூற்றாண்டில் புகைப்பட முறையில் தகடு செய்து அச்சிட்ட பிரதிகளில் திசை, கையெழுத்து எல்லாம் கச்சிதமாக இருக்கும். இன்னொன்று, ரெம்பிராண்ட் 1669-ல் இறந்த பிறகும் அவருடைய தகடுகள் பல கைமாறிக்கொண்டே இருந்தன. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் பசான் என்ற பாரிஸ் வணிகர்கூட அவற்றிலிருந்து அச்சுப் போட்டார். ஆக, படத்தில் உள்ள ஆண்டு தகட்டுடையது, தாளுடையது அல்ல.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தாள் செய்யும்போது பதியும் கம்பிவலைத் தடம் கொஞ்சமும் இல்லாத சீரான தாள் ஐரோப்பாவில் 18-ம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது, அதாவது ரெம்பிராண்ட் இறந்து வெகுகாலம் கழித்து. பூதக்கண்ணாடியில் கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகள் தெரிந்தால் அது வெறும் புத்தகப் படம். அப்புறம், ஓரம் அழுக்காக இருக்கிறதென்று வெட்டிவிடாதீர்கள், தகடு பதிந்த பள்ளம் அங்கேதான் இருக்கும்.