300 அடி மேடும் மலைதானா?

கேள்வி: மினசோட்டாவில் என் பேரன் பனிச்சறுக்குப் பழகும் பக் ஹில் வெறும் 300 அடியாம். “ஏற்காடு ஏறினவகிட்ட இதைப் போய் மலைங்கறியே!” என்றேன். செயற்கைப் பனி கொட்டினால் ஏற்காட்டிலேயே சறுக்கலாமே?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: என் ஓட்டு பேரனுக்குத்தான் அம்மா. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் என்னும் அதிவேகச் சறுக்குப் போட்டியில் தங்கம் வாங்கிய அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான், சிறுமியாகப் பழகியது அந்த மேட்டில்தான். குட்டை மலையில் சட்டென்று இறங்கலாம், மேலே இழுத்துப்போகும் எஞ்சின் கயிற்றைப் பிடித்து உடனே ஏறலாம். ஒரே சாயங்காலத்தில் திருப்பங்களைத் திரும்பத் திரும்பப் பழகலாம்.

அந்தக் கயிறு இருக்கிறதே, பொல்லாதது! ஓடிக்கொண்டே இருக்கும். வெடுக்கென்று பிடித்தால் தோளைப் பிடுங்கும். முதலில் கைக்குள் வழுக்கவிட்டு, மெல்ல மெல்ல இறுக்க வேண்டும். கம்பளிக் கையுறை என்றால் உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து கிழியும். தோல் கையுறை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அமெரிக்காவின் முதல் சறுக்கு இழுவைக் கயிறு 1934இல் வெர்மான்ட்டில் ஓடியது, பழைய ஃபோர்டு கார் எஞ்சினில்! நம்மூர்க் கிணற்றடி ஆயில் எஞ்சின் கதைதான்.

ஏற்காடா? செயற்கைப் பனிக்கும் உறைய வைக்கும் குளிர் வேண்டும். மார்கழியில் சேர்வராயன் கோயிலில் நாம் குல்லாய்க்குள் நடுங்குவது அதற்குக் காணாது. ஜனவரியில் பேரனிடமே போய் வாருங்கள். அங்கே ராத்திரியிலும் விளக்குப் போட்டுச் சறுக்குவார்கள்.