முதலில் கண்ணாடி, பிறகு அரிச்சுவடி

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்காக எங்கள் தெருவில் மாலை 7 மணி வகுப்பு ஒன்றைத் தொடங்கினோம். முதல் வாரம் 18 பேர் வந்தார்கள். இப்போது ஐந்து பேர்தான் வருகிறார்கள். வகுப்பைக் காப்பாற்ற என்ன செய்யலாம், யாரிடம் உதவி கேட்கலாம்?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: நின்றுபோன 13 பேரின் வீடுகளுக்கும் முதலில் ஒருமுறை சென்று வாருங்கள். பின்னிரவில் எழுந்து ஏலத்துக்குக் கூடையுடன் புறப்படும் மீன்காரப் பெண்ணுக்கு மாலை ஏழு மணி என்பது உறங்கப்போகும் நேரம். அதற்குப் பெயர் அக்கறையின்மை அல்ல. விற்பனையும் சமையலும் முடிந்த பிற்பகலில், அவர்கள் ஏற்கெனவே கூடிப் பேசும் இடத்துக்கே வகுப்பைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வடசென்னைக்கு இது புதிதன்று. பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடிய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில் எழுந்த பேச்சுதான் 1918ஆம் ஆண்டு சென்னைத் தொழிலாளர் சங்கமாக வளர்ந்தது.

இன்னொரு காரணத்தை அவர்களே சொல்ல மாட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். பக்கத்திலுள்ள எழுத்து கலங்கித் தெரிவதை அறியாமல், "எனக்கு மண்டையில ஏறலம்மா" என்று தம்மையே நொந்துகொண்டு நின்றுவிடுகிறார்கள். ஆகவே உதவ முன்வருவோரிடம் நோட்டுப் புத்தகமும் கரும்பலகையும் கேட்பதற்கு முன்பு கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் வழி கேளுங்கள். பரிசோதனைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. வகுப்பு நேரத்தில் பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்தால், அது நன்கொடையைவிடப் பெரிய உதவி.

தமிழின் 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்க வைத்துத்தான் சொல்லுக்கு வரவேண்டும் என்பதில்லை. நெத்திலி, சங்கரா, வஞ்சிரம் என்று அவர்கள் நாள்தோறும் கூவி விற்கும் சொற்களிலேயே எத்தனை எழுத்துகள் கிடைக்கின்றன! அடுத்து மகளிர் குழுவின் கடன் புத்தகம், ரேஷன் கடைக் குறுஞ்செய்தி, பேருந்துப் பலகை என்று போகலாம். கடன் புத்தகத்தில் தன் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் தொகையைத் தானே படித்துவிட்டவர் மறுநாள் வகுப்புக்குத் தவற மாட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருமானமில்லாத நாள்களில் படிப்பில் மனம் செல்வது கடினம்தான். ஆனாலும் ஆண்களை அழைக்க அதைவிட்டால் வேறு காலம் இல்லை.

அரசு உதவிக்கு, 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தன்னார்வலர்களைக் கொண்டு கற்பிக்கும் திட்டம் இது. தேர்வில் தேறியவர்களுக்குச் சான்றிதழும் உண்டு. அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள்.

கேள்வி: ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என் மாமியாருக்கு வயது 52. அவர் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுத முடியுமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முடியும். பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக எழுதலாம். விண்ணப்ப அறிவிப்பை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெளியிடும். கணக்கை மட்டும் இன்றே தொடங்கச் சொல்லுங்கள். நெடுநாள் விட்டுப்போனவர்களுக்கு மற்றப் பாடங்களைவிட அதற்குத்தான் நாள் பிடிக்கும்.