தீராத வயிற்றுவலி

வணக்கம் ஐயா,

பி.ஏ. சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைம் தற்கொலையை நான்கு வகையாகப் பிரித்ததை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் எனக்கு உடன்பாடில்லை. என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி போன வருடம் இறந்துபோனாள். அது அவளுடைய சொந்த முடிவு. இதில் சமூகம் எங்கே வருகிறது? 1897இல் பிரான்சில் எழுதியதை நாம் ஏன் படிக்க வேண்டும்? தமிழில் எளிய அறிமுக நூல் இருந்தால் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க,

அறிமுக நூலை உங்கள் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். பழையது, பிரெஞ்சுக்காரர் எழுதியது என்பதற்கெல்லாம் நான் பதில் சொல்லப் போவதில்லை. நோட்ஸை நெட்டுருப் போட்டுவிட்டு 'உடன்பாடில்லை' என்கிறீர்களே, அதுதான் கோபமூட்டுகிறது. மறுப்பதற்காவது படிக்க வேண்டாமா?

ஒருவர் ஏன் இறந்தார் என்பது துர்க்கைமின் கேள்வியே இல்லை. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, ஒரு நாட்டின் தற்கொலை விகிதம் மட்டும் ஏன் வருடாவருடம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது? கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டன்டுகளிடம் ஏன் கூடுதல்? இதைத்தான் அவர் கேட்டார். இதற்காக அவருடைய அக்காள் மகன் மார்செல் மோஸ் சுமார் 26,000 பேரின் ஆவணங்களை வயது, பால், மணமானவரா, பிள்ளை உண்டா என்று பிரித்துக் கொடுத்தார். அரசின் அட்டவணைகளில் 'காரணம்' என்றும் ஒரு கட்டம் உண்டு. துர்க்கைம் அதை நம்பவில்லை. அதில் இருப்பது எழுதிய அதிகாரியின் அபிப்பிராயம் என்று ஒதுக்கிவிட்டார்.

அந்தக் கட்டம் நம்மூரில் எப்படி நிரம்புகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா ஊருக்கு மனு எழுதிக் கொடுப்பவர். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் இறந்த காலையில் நாலைந்து பெரியவர்கள் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். பேனாவைத் திறக்கும் முன் அப்பா கேட்டது: "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" எட்டு முடிந்தது என்றதும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஏழு வருடத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வந்துவிடும். 1983இல் வந்த சட்டத்திருத்தம் அது. பிறகு அப்பா எழுதினார்: 'தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த என் மனைவி, வாழ்க்கையில் வெறுப்புற்று...' மரணத்தில் யார்மீதும் சந்தேகமில்லை என்று முடித்து, கணவரிடம் கையெழுத்து வாங்கினார். அக்காவுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் இரண்டாம் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. திண்ணையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். மறுநாள் பேப்பரிலும் வயிற்றுவலிதான்.

சொந்த முடிவு என்கிறீர்கள். மாப்பிள்ளையை அக்கா தேர்ந்தெடுக்கவில்லை. டாக்டரிடம் அவரை மட்டும்தான் கூட்டிப்போனார்கள், கணவர் ஒருமுறையும் சோதித்துக்கொள்ளவில்லை. திரும்பிப் போகப் பிறந்த வீட்டுக் கதவும் திறந்திருக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு மிச்சமிருந்த ஒன்றை மட்டும் அவருடைய சொந்தக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

உங்கள் நோட்ஸில் நான்காவது வகைக்கு ஒற்றை வரிதான் இருக்கும். துர்க்கைமே அதை ஓர் அடிக்குறிப்போடு முடித்துவிட்டார். அளவுக்கு மீறிய கட்டுப்பாடு ஒருவரின் எதிர்காலத்தையே அடைத்துவிடும்போது நேர்வது அது. அவர் சொல்லும் உதாரணங்களில் ஒன்று, பிள்ளையில்லாத மணமான பெண்! ஆனால் இந்தக் காலத்தில் இதற்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை என்று கடந்து போகிறார். நான் அவரோடு சண்டை போடுவது இந்த இடத்தில்தான். நம்மூரில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த அடிக்குறிப்புதான் முதல் அத்தியாயம்.

எண்ணிக்கையையே சந்தேகப்பட வேண்டும் என்று 1967இல் ஜாக் டக்ளஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வாதிட்டார். அதுவும் சரி. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் தற்கொலைகளுக்குக் காரணம் குடும்பப் பிரச்சினை 33.2 சதவீதம், நோய் 18.6 சதவீதம். அந்த நோய்க் கணக்குக்குள் எத்தனை திண்ணைகள் இருக்கின்றன என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

தேர்வில் நான்கு வகையைக் கேட்டால் எழுதுங்கள், மதிப்பெண் வேண்டும்தானே. உங்கள் தோழியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அவளைப் பற்றிப் பேச வேண்டும் போலிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள் அம்மா. அதற்குப் பாடமெல்லாம் வேண்டாம்.