கட்ச் பயணத்தைச் சுவரில் மாட்ட ஒரு சின்ன குயில்ட்

கேள்வி: போன ஜனவரியில் குடும்பத்தோடு குஜராத்தில் இருக்கும் கட்ச் போய் வந்தோம். வெள்ளை ரண் என்ற உப்புப் பாலைவனம், புஜ் நகரம், துணிக்குச் சாயமிடும் அஜ்ரக்பூர் எல்லாம் பார்த்தோம். அங்கே வாங்கிய அஜ்ரக் (மரக்கட்டையால் அச்சிட்டு இயற்கைச் சாயம் போட்ட துணி), பாந்தினி (முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய துணி) துண்டுகள், கண்ணாடி வேலை செய்த ஒரு பட்டை, நுழைவுச் சீட்டுகள், நிறைய போட்டோக்கள் கையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துச் சுவரில் மாட்ட ஒரு சின்ன குயில்ட் (மூன்று அடுக்குத் துணியை ஒன்றாகப் பிணைத்துத் தைப்பது) தைக்க ஆசை. ரவிக்கை தைப்பேன், வீட்டில் மிதி மெஷின் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: "எல்லாவற்றையும் சேர்த்து" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். 12க்கு 16 அங்குலத் துணியில் ஒரு பயணம் அடங்காது, ஒரு காட்சி அடங்கும். உங்களிடம் இருக்கும் துணிகளுக்கு வெள்ளை ரண் நன்றாகப் பொருந்தும். கீழே முக்கால் பாகம் உப்பு, மேலே அஜ்ரக் நீலத்தில் வானம், இரண்டுக்கும் நடுவே நேர்கோடு. ஓரத்தில் ஒரு புங்கா, அதாவது அங்கே பார்த்திருப்பீர்களே, கூம்புக் கூரை போட்ட வட்ட மண்வீடு. அதன் கூரைக்குப் பாந்தினித் துண்டு போதும்.

உப்பளம் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். உப்பு ஒரே வெள்ளையாக இருக்காது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காடாத் துணி, பழைய வேட்டி, மல் (மெல்லிய பருத்தித் துணி) என மூன்றிலும் பட்டைகள் வெட்டி, குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இணையுங்கள். தையலில் துணி கொஞ்சம் சுருங்கும். அதனால் மேல் துணியை எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வைத்து, கடைசியில் வெட்டிக்கொள்ளலாம்.

இந்த வடிவத்தில் ஆபத்து ஒன்றுதான்: நீலமும் வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. அஜ்ரக்கின் நீலம் அவுரிச் சாயம். அது நூலின் மேற்பரப்பில்தான் அதிகம் தங்கும், தேய்த்தாலே கையில் ஒட்டும். உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். மென்மையான சோப்பில் தனியாக, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். காய்ந்ததும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை வந்தால் இன்னொரு முறை. துருப்பிடித்த குண்டூசி கிட்டவே வரக் கூடாது. இரும்பு பட்டால் இயற்கைச் சாயத்தின் நிறம் மாறிவிடும். அஜ்ரக்பூர் என்ற ஊர் உருவானதற்கே அதுவும் ஒரு காரணம்: 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு, அஜ்ரக் தொழில் நடந்த தமட்கா கிராமத்தில் தண்ணீரில் இரும்பு அதிகமாகி, சாயத் தொழிலுக்கு ஒத்துவராமல் போனதால் சாயத் தொழில் செய்யும் கத்ரி சமூகத்தின் பல குடும்பங்கள் இடம் மாறின.

பாந்தினியை இஸ்திரி போட்டால் முடிச்சுப் புடைப்புகள் படுத்துவிடும், அப்புறம் அதில் அழகே இல்லை. பின்னால் ஒரு மல் துணி வைத்து, கையால் நூலோட்டி, அதன் பிறகு வடிவத்துக்கு வெட்டுங்கள்.

நடு அடுக்குக்கு உப்பலான பாலியஸ்டர் பஞ்சு வேண்டாம், சுவரில் தலையணை மாதிரி நிற்கும். நன்றாகத் துவைத்த பழைய பருத்திப் போர்வையே போதும். அதையும் அடித்துணியையும் மேல் துணியைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் பெரிதாக வெட்டி, மூன்றையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பெரிய தையலில் நூலோட்டுங்கள். நடுவிலிருந்து தொடங்காவிட்டால் மடிப்பு விழும்.

அடுக்குகளைப் பிணைக்கும் தையல்தான் இதில் ரசித்துச் செய்ய வேண்டிய வேலை. ரண் காயும்போது உப்பு பலகோணங்களாக வெடித்து, ஓரங்கள் மேடு தட்டுமல்லவா? அந்தக் கோடுகளையே பென்சிலால் லேசாக வரைந்து, வெள்ளை நூலில் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். அருகில் பெரிய கட்டங்கள், தொடுவானத்தை நெருங்க நெருங்கச் சிறிதாகவும் தட்டையாகவும். தூரம் தானாகவே தெரியும். கோணல்மாணலாக வந்தால் பிரிக்காதீர்கள், உப்பு ஸ்கேல் வைத்தா வெடிக்கிறது? வானத்துக்கு மிதி மெஷினில் நேர்கோடுகள் போதும். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் வருமாறு நீளத்தைக் கூட்டிவையுங்கள்.

கண்ணாடிப் பட்டை முழுவதும் வேண்டாம். ஒரே ஒரு கண்ணாடியை வெட்டி எடுத்து, நிலவாக வைக்கலாம். எல்லாத் தையலும் முடிந்த பிறகு கையால் தையுங்கள். மெஷினுக்கு அடியில் போனால் ஊசி உடையும்.

சீட்டுகளைத் துணியில் ஒட்ட வேண்டாம். மெஷினில் அச்சாகிற வழவழப்பான சீட்டு வெப்பத்தாள், இஸ்திரி பட்டால் கறுத்துவிடும், சும்மா வைத்தாலும் எழுத்து மங்கும். நகல் எடுத்து, பின்பக்கம் ஒரு சின்னப் பை தைத்து அதில் போடுங்கள். போட்டோவைத் துணியில் அச்சிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. கோப்பையில் படம் போடும் கடைகளின் சப்ளிமேஷன் அச்சு பாலியஸ்டரில்தான் பிடிக்கும், அந்தப் பளபளப்பு அஜ்ரக் பக்கத்தில் ஒட்டாது. போட்டோவிலிருந்து புங்காவின் வெளிக்கோட்டை மட்டும் படியெடுங்கள். யாராவது குடும்பத்தினர் நிற்கும் படம் இருந்தால் அந்த உருவத்தைக் காம்புத் தையலில் சின்னதாகப் போடலாம்.

ஓரத்துக்கு இரண்டரை அங்குலப் பட்டையை இரண்டாக மடித்து வையுங்கள். நேர் விளிம்பு என்பதால் குறுக்கு வெட்டு தேவையில்லை. பின்பக்கம் மேலே துணிக்குழாய் ஒன்று தைத்து, மரக்குச்சி நுழைத்து மாட்டுங்கள். வெயில் நேராக விழும் சுவர் மட்டும் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். தூசி படிந்தால் மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும், துவைக்க வேண்டியதில்லை.