43 வயதில் சைக்கிள், மறு வருடம் 200 கிலோமீட்டர்: நீங்கள் கேட்டவை

மகள் ஹாஸ்டலுக்குப் போனதும் பார்க்கிங்கில் தூசி படிந்து நின்ற அவளுடைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்தபோது எனக்கு 43 வயது. பால் வாங்கத்தான் கிளம்பினேன். அடுத்த வருடம் 200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) முடித்தேன். அதிலிருந்து தினமும் யாராவது கேட்கிறீர்கள், மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

வேளச்சேரியிலிருந்து: அக்கா, 10 கி.மீ. போனாலே மூச்சு வாங்குது. 200 எல்லாம் நடக்கிற காரியமா?

பேசிக்கொண்டே மிதிக்க முடியாத வேகத்தில் போகிறீர்கள், அதுதான் விஷயம். பிஆர்எம் பந்தயம் கிடையாது. 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம் தருகிறார்கள், வகுத்துப் பார்த்தால் மணிக்கு 15 கி.மீ. கூட வராது. ஆனால் டீ, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அதற்குள்தான், அதனால் சாலையில் 20 போனால் நிம்மதி. ஞாயிறு விடியலில் திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை போய் வாருங்கள், சுமார் 45 வரும். ஒரு மாதம் அதுவே போதும். அப்புறம் மாமல்லபுரம்.

அம்பத்தூரிலிருந்து: மேடம், எவ்வளவு செலவு செய்து சைக்கிள் வாங்கலாம்?

இருப்பதை ஓட்டுங்கள் சார். கியர் உள்ள ஹைபிரிட் (ரோடு சைக்கிளும் மவுண்டன் சைக்கிளும் கலந்த வகை) இருந்தால் தாராளம். முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டி வலிக்கிறது என்கிறார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: கேட்கவே கூச்சம், உட்காரும் இடம் எரிகிறது.

இதில் என்ன கூச்சம், எல்லோருக்கும் எரியும். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள், அதற்குள் உள்ளாடை போடாதீர்கள். தையல்தான் உரசும். மெத்தென்ற சீட் கவர் காசுக்குக் கேடு.

தாம்பரத்திலிருந்து: வழியில் என்ன சாப்பிடுவீங்க?

இதில்தான் நான் அடி வாங்கினேன். முதல் நீளப் பயணத்தில், பசித்தால் சாப்பிடலாம் என்று வெறும் தண்ணீரை மட்டும் குடித்தபடி கடப்பாக்கம் வரை போய்விட்டேன், திரும்பும்போது கை நடுங்கி, கண் இருட்டி, ஒரு பெட்டிக்கடை வாசலில் சரிந்து உட்கார்ந்தேன். கடைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் இரண்டு வாழைப்பழமும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் கொடுத்தார். இருபது நிமிடத்தில் உயிர் வந்தது. பசி தெரியும்போது நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது முக்கால் மணிக்கு ஒருமுறை கடலை மிட்டாயோ பழமோ வாயில் போய்விடும். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீர் பத்தாது. ஓஆர்எஸ் கரைத்துக்கொள்ளுங்கள், அல்லது உப்புப் போட்ட மோர்.

அடையாறிலிருந்து: போகும்போது பறக்கிறேன், வரும்போது செத்துப்போகிறேன். ஏன்?

டிசம்பர், ஜனவரியில் போனீர்களா? அது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வரும். ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) தெற்கே போகையில் முதுகில் தள்ளும், திரும்புகையில் முகத்தில் அறையும். போகும்போது வந்த வேகத்தை உங்கள் திறமை என்று நினைத்துக் காலைக் காலி பண்ணிவிடுகிறீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் தெற்குக் காற்று, திரும்புவது சுகம், ஆனால் வெயில் சும்மா விடாது. பத்து மணிக்குள் வீடு சேருங்கள்.

போரூரிலிருந்து: பாரிஸ் போகிற ஆசை இருக்கா அக்கா?

இல்லாமலா! பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் பயணம் 1891இல் பந்தயமாகத் தொடங்கியது, இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, 1200 கி.மீ.க்கு அதிகபட்சம் 90 மணி நேரம். அதில் கலந்துகொள்ள 200, 300, 400, 600 கி.மீ. பிஆர்எம் நான்கையும் முடித்திருக்க வேண்டும். நான் 300இல் நிற்கிறேன்.

பல்லாவரத்திலிருந்து: பஞ்சர் ஒட்டத் தெரியாமல் கிளம்பலாமா?

கூடாது. வீட்டில் உட்கார்ந்து பின்சக்கரத்தையே நாலு தடவை கழற்றி மாட்டிப் பழகுங்கள். ட்யூப் மாற்றும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளை எடுக்காமல் புது ட்யூப் போட்டு, அரை கிலோமீட்டரில் மறுபடி சாலையோரம் உட்கார்ந்தவள் நான்.